மணி அடிக்காத மைக்ரோவேவ்

மேவிஸ் ட்ரெலோரின் கடைக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. சூடாகாத கெட்டிலோ, சுற்றாத சலவை மெஷினின் மோட்டாரோ, எதையாவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை கெரின் நான்கிவெல் தூக்கிக்கொண்டு வந்தது தன் பத்து மாதப் பிள்ளையை.

கடையில் அப்போது நெவில் ஷுல்ட்ஸும் இருந்தார். வாராபின்னா என்ற அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை பஸ்ஸுக்கு ஓய்வு. நெவிலுக்கு அப்போதுதான் வேலையே தொடங்கும். மேவிஸின் டீயைக் குடிப்பார், ஊர் விஷயங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார், எழுதியதை மேவிஸிடம் படித்துக் காட்டுவார். இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டு மைதானத்துத் தண்ணீர் பம்பு காணாமல் போனபோது அதை மேவிஸ் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து, இந்த ஊரில் குற்றங்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி நடந்தால் நன்றாக இருக்கும் என்பது நெவிலின் எண்ணம்.

"சனிக்கிழமை ஃபுட்பால் கிளப்புல தீப்பிடிச்சதே, அதைப் பத்தித்தான் வந்தேன்," என்றாள் கெரின்.

நெவில் நோட்டைத் திறந்துவிட்டார்.

"எங்கப்பா சிகரெட் பிடிச்சுத்தான் தைல அறை எரிஞ்சதுன்னு பாரி ஹைன்ஸ் சொல்றார். கிளப் தலைவர் சொன்னா ஊரே சொல்லுதுன்னு அர்த்தம். வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அப்பா பேரை எடுத்துடுவாங்க."

"இருபத்திரண்டு வருஷம்!" என்று நெவில் கொதித்தார். "உங்கப்பா கட்டுப் போடாத முட்டி இந்த ஊர்ல இருக்கா? கவலைப்படாதேம்மா, அவர் நிரபராதின்னு நாங்க நிரூபிச்சுக் காட்டறோம்."

"நிரூபிக்கச் சொல்லி நான் கேக்கலையே," என்றாள் கெரின். "உண்மை என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது போதும்."

நெவிலின் பேனா நின்றது. மேவிஸ் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"ஜோயலுக்கு மூச்சிரைப்பு," என்று பிள்ளையின் முதுகைத் தடவினாள் கெரின். "நான் வேலைக்குப் போற மூணு நாளும் அப்பாதான் பாத்துக்கறார். சிகரெட்டை விட்டாத்தான் பிள்ளையை விடுவேன்னு சொல்லியிருந்தேன். விட்டுட்டேன்னார். மார்ச்ல கையும் களவுமாப் பிடிச்சேன். அதுக்கு முந்தின நாள்தான் என் கண்ணைப் பாத்து இல்லவே இல்லைன்னு சொல்லியிருந்தார். அப்புறம் அழுதார், சத்தியம் பண்ணினார். இப்ப மறுபடியும் இல்லைங்கறார். அதே முகம், அதே குரல். நான் எதை நம்பறது? அவர் பிடிச்சிருந்தா ஜோயலைப் பக்கத்து ஊர்க் காப்பகத்துல விடணும். அவ்வளவுதான்."

"கிளப்காரங்க கையில என்ன இருக்கு?" என்று கேட்டாள் மேவிஸ்.

"சாம்பல்ல ஒரு லைட்டர் கிடைச்சிருக்கு. அப்பாவோடதுதான்."

மேவிஸ் தலையை ஆட்டினாள். அறுபத்தொரு வயதில் அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "வியாழக்கிழமை நீயும் கமிட்டிக்கு வா. பிள்ளையையும் கொண்டுவா. நல்லதோ கெட்டதோ, அங்கேயே சொல்றேன்," என்றாள்.

கெரின் போனதும் நெவில் குதித்து எழுந்தார். "இது அந்த யார்க்கால் ஊர்க்காரங்க வேலை மேவிஸ்! வர்ற சனிக்கிழமை ஃபைனல்ல நம்மகூட ஆடறது அவங்கதான். நம்ம தைல அறையைக் கொளுத்திட்டா..."

"கொளுத்திட்டா? நம்ம பசங்களுக்கு உடம்பு பிடிச்சுவிட இடமில்லாமப் போய்த் தோத்துடுவாங்களா? டீயைக் குடிச்சு முடி."

மறுநாள் பகலில் இருவரும் கிளப்புக்குப் போனார்கள். தைல அறை என்பது உடை மாற்றும் கூடத்தின் ஓரத்தில், ஆட்டக்காரர்களுக்குத் தைலம் தேய்த்துக் கட்டுப் போடும் சின்ன அறை. ஊர்த் தீயணைப்புக் குழுவினர் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க மொத்தமாக அங்கேயே இருந்ததால் தீ வெளியே பரவவில்லை. ஒரு சுவரும், அலமாரியும், உடம்பு பிடிக்கும் மேஜையும் எரிந்திருந்தன. கூரை கறுத்துக் கிடந்தது. அந்த வேலையைச் செய்துவந்த கெரினின் அப்பா லின்ட்ஸே நான்கிவெல் வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதியில்லை.

மேவிஸ் மேஜையைச் சுற்றி வந்தாள். அதன் நடுவில் பலகை ஓட்டையாகியிருந்தது. ஓரங்கள் அவ்வளவாகக் கருகவில்லை. ஓட்டையைச் சுற்றித் துண்டுகள் எரிந்த சாம்பல் அடுக்கு அடுக்காகக் கிடந்தது. அவள் அதில் விரலைவிட்டு எதையோ பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்தாள்.

"என்னது அது?" என்றார் நெவில்.

"கோதுமை."

நெவில் 'கோதுமை' என்று எழுதிக்கொண்டார். அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஊரைச் சுற்றி நூறு மைலுக்குக் கோதுமைதான். அதைத் துணிப்பையில் போட்டுத் தைத்து, மைக்ரோவேவில் சூடாக்கி, இடுப்பிலும் தோளிலும் வைத்துக்கொள்ளாத வீடு அங்கே இல்லை. லின்ட்ஸேயிடம் அப்படி இரண்டு பைகள் இருந்தன. ஒன்று போன மாதம் தைத்தது. இன்னொன்று ஆறு வருடப் பழசு.

"பழையதை மத்தியானம் பன்னண்டு மணிக்குச் சூடு பண்ணி, ஆட்டம் பாக்க வந்த கிழவன் ஒருத்தன் தோளுக்கு வெச்சேன்," என்றார் லின்ட்ஸே. "ரெண்டே நிமிஷம்தான். மணி அடிச்சதும் எடுத்தேன். அப்புறம் திரும்ப இந்தச் சுவர் ஆணியில மாட்டிட்டு மைதானத்துக்குப் போனேன். அவ்வளவுதான். சிகரெட்டே தொடல, மேவிஸ். சத்தியமா."

"லைட்டர்?"

"ஷூ லேஸ் நுனி பிரிஞ்சா நெருப்புல காட்டித்தான் ஒட்டுவேன். என் மருந்துப் பெட்டியில எப்பவும் ஒண்ணு கிடக்கும். கேட்டுப் பாருங்க, எல்லாப் பசங்களுக்கும் தெரியும்."

"எல்லாம் சரி. ஆணியில மாட்டின பை மேஜை நடுவுல எப்படி வந்தது?"

லின்ட்ஸே வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். ஆணி சுவரில் இருந்தது. அதன் அடியில் எரிந்த பை எதுவும் இல்லை. மேஜைக்கும் ஆணிக்கும் இடையே நான்கடி தூரம் இருந்தது.

அடுத்து கேன்டீன். மைதானத்தின் ஓரமாக நிற்கும் தகரக் கொட்டகை அது. தீப்பிடித்த நிமிடத்திலிருந்து பூட்டியே கிடந்தது. சாவி பெவ் ரோகனிடம். பெவ் பேசத் தொடங்கினால் இடையில் மூச்சு விடுவது மற்றவர்கள்தான்.

முன்புறம் கவுன்டர், அதில், மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்து அடுப்பில் சுட்ட பாஸ்டிகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. பின்புறம் தடுப்புக்கு அப்பால் குளிர்பதனப் பெட்டியும், அதன் பக்கத்தில் பழைய மைக்ரோவேவும். பட்டன்கள் இல்லாத ரகம். திருகிவிடும் முள், முடிந்ததும் அடிக்கும் மணி, அவ்வளவுதான். மேவிஸ் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தது.

"சனிக்கிழமைக்கு அப்புறம் யாராவது இதைத் தொட்டீங்களா?"

"யாரு தொடுவா? நான் பூட்டிட்டுப் போனவதான், இப்பதான் திறக்கறேன்."

"கடைசியா எப்ப ஓடிச்சு?"

"பாதி ஆட்ட இடைவேளையில. முதல்ல நான் டீக்குப் பால் காய்ச்சினேன், மணி அடிச்சது, எடுத்தேன். அப்புறம் பாரி வந்தார். ஒரு பாஸ்டி வாங்கினார். சூடாத்தான் இருந்தது, ஆனா ஐயாவுக்கு நாக்கு வெந்து போகணும் போல, 'பின்னாடி போய் இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிக்கறேன் பெவ்'னு போனார். நான் இங்க டீ ஊத்திக்கிட்டிருந்தேன். ஒம்பது பேருக்கு ஊத்தி, பாக்கியும் கொடுத்தேன், மெஷின் உறுமிக்கிட்டே இருந்தது. அப்புறம் பாஸ்டியைக் கடிச்சுக்கிட்டே வந்தார். கோட்டைச் சுருட்டி அக்குள்ள வெச்சுக்கிட்டு, கழுத்துப்பட்டை பூரா பாஸ்டித் தூள். பேப்பர்காரன் போட்டோ எடுக்க வர்றான், தலைவர் இப்படியா நிப்பார்னு நான்தான் தட்டிவிட்டேன். ஆள் நின்னாத்தானே? முதல் சங்கு ஊதிடுச்சுன்னு ஓடிட்டார்."

"அவர் எடுத்தப்ப மணி அடிச்சதா?"

பெவ் வாயைத் திறந்தாள், மூடினாள். "அடிக்கலை. அடிச்சிருந்தா நான் பால்னு நெனச்சு ஓடியிருப்பேனே."

"வேற ஏதாவது இடம் மாறி இருந்ததா?"

"அந்த அசிங்கம் பிடிச்ச குவளைதான். லின்ட்ஸேயோடது. தண்ணி ஊத்தி எப்பவும் மைக்ரோவேவ் உள்ளேயே வெச்சிருப்பார். பால் வெக்கும்போது எடுப்பேன், அப்புறம் திரும்ப வெச்சுடுவேன். அன்னிக்கும் வெச்சேன். பூட்டும்போது பாத்தா, ஜன்னல் மேடையில என் சுத்தமான கப்புங்களோட உக்காந்திருக்கு. எதுக்குத்தான் அதை உள்ளே வெக்கறாரோ!"

"நான் சொல்லிக் கொடுத்ததுதான்," என்றாள் மேவிஸ்.

வாசலில் நிழல் தட்டியது. பாரி ஹைன்ஸ் நின்றார். டிராக்டர் விற்கிறவர். கைகொடுத்தால் எதிராளியின் தோள் வரைக்கும் ஆடும்.

"என்ன மேவிஸ், நம்ம மைக்ரோவேவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அது நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை இடைவேளையில நீங்க இதை உபயோகிச்சீங்களாமே?"

"ஆமா. ஒரு பாஸ்டி. ஒரு ரெண்டு நிமிஷம் வெச்சேன். டிங்னு மணி அடிச்சது, எடுத்தேன், சாப்பிட்டேன். அற்புதமா இருந்தது, மொறுமொறுன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "லின்ட்ஸே என் சினேகிதன்தான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வயசாச்சு, கை நடுங்குது, பழக்கம் விடமாட்டேங்குது. கிளப்புன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு," என்றாள் மேவிஸ்.

திரும்பி வரும்போது மைதானத்தில் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நெவில் வேலியில் சாய்ந்து நின்று எழுதித் தள்ளினார். மேவிஸ் வண்டியில் காத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும், "என்ன எழுதின?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் உருப்படியா இல்லை," என்று நெவில் ஒப்புக்கொண்டார். "கோச் மூணு தடவை கத்தினார். பாரியோட மகன் டேமியன் நாலு கோல் உதைச்சான். லேஸ் அவிழ்ந்தது, காலைத் தூக்கி வேலிமேல வெச்சுக் கட்டினான். இன்னொருத்தன் வாந்தி எடுத்தான்."

"எந்தக் காலை?"

"ரெண்டு காலையுமேதான். ஏன்?"

"குனிய முடியறவன் குனிஞ்சு கட்டுவான்." மேவிஸ் சாவியைத் திருகினாள். "ஃபைனலுக்கு அடிலெய்டுலேர்ந்து யாரோ வர்றாங்களாமே?"

"டேமியனைப் பாக்கத்தான்! பெரிய கிளப் ஆள். தேறிட்டான்னா நம்ம ஊர்லேர்ந்து போற முதல் பையன். பாரி டிராக்டர் விக்கறதைவிட அதைத்தான் அதிகம் பேசறார்." நெவில் வீடு வரை நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஒருவேளை வாந்தி எடுத்தானே அவனா?" என்று கேட்டார்.

புதன்கிழமை முழுக்க மேவிஸின் கடை பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து வறுத்த தானிய வாசனை தெருவரைக்கும் வந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மேஜைக்குப் பின்னால் பாரியும் கமிட்டிக்காரர்கள் நால்வரும். ஒரு பக்கம் பெவ். சுவரோரமாக லின்ட்ஸே, சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு. கெரின் எதிர்ச் சுவரோரம் பிள்ளையோடு நின்றாள். அப்பாவின் பக்கத்தில் போகவில்லை. கதவில் சாய்ந்து டேமியன் நின்றான்.

மேவிஸ் ஒரு தட்டை மேஜைமேல் வைத்தாள். அதில் இரண்டு பாஸ்டிகள்.

"சாப்பாடு அப்புறம் வெச்சுக்கலாமே," என்றார் பாரி.

"சாப்பிட வேண்டாம் பாரி. சும்மா பிச்சுப் பாருங்க. ஒண்ணு பெவ்வோட கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து நேரா வந்தது. இன்னொண்ணை அதே பெட்டியிலேர்ந்து எடுத்து, மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வெச்சேன்."

பாரி சிரித்துக்கொண்டே முதலாவதைப் பிய்த்தார். மேல்தோடு நொறுங்கி மேஜையெங்கும் உதிர்ந்தது. இரண்டாவது பிய்யவில்லை. ஈரத் துணி போல வளைந்தது, பிறகு கிழிந்தது. ஒரு துணுக்குக்கூட உதிரவில்லை. உள்ளே இருந்து ஆவி வந்தது.

"சாதாரண அடுப்பு என்ன பண்ணும்? உள்ளே இருக்கற காத்தைச் சூடாக்கும்," என்றாள் மேவிஸ். "சூடான காத்து மேல்தோலைக் காய வெக்கும். அதான் மொறுமொறுப்பு. மைக்ரோவேவ் காத்தைத் தொடாது. அது அனுப்பற அலை தண்ணியைத் தேடிப் போய் ஆட்டி வெக்கும். தண்ணியோட ஒவ்வொரு நுண்துகளும் ஒரு வினாடிக்குள்ள கோடிக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் திரும்பப் பாக்கும். அந்த உரசல்தான் சூடு. பாஸ்டியில தண்ணி இருக்கறது உள்ளே, கிழங்குலயும் கறியிலயும். அது ஆவியா வெளிய வந்து, சூடே ஆகாத காத்துல பட்டு, மேல்தோலை நனைச்சுடும். ரெண்டு நிமிஷம் மைக்ரோவேவ்ல இருந்த பாஸ்டி உலகத்துல எங்கயும் உதிராது. உங்க கழுத்துப்பட்டையில உதிர்ந்தது, பாரி. பெவ் தட்டிவிட்டா. அப்ப அந்தப் பாஸ்டி மைக்ரோவேவுக்குள்ள போகவே இல்லை."

"என்ன இது! பாஸ்டியைப் பத்தியா இங்க விசாரணை?"

"பாஸ்டி உங்க கையில இருந்தப்ப மெஷினுக்குள்ள என்ன இருந்ததுங்கறதுதான் விசாரணை. ஒம்பது பேர் டீ வாங்கற நேரம் அது ஓடியிருக்கு. அஞ்சாறு நிமிஷம்னு வெச்சுக்கங்க. அப்புறம் மணி அடிக்கறதுக்குள்ள யாரோ கதவைத் திறந்துட்டாங்க. கதவு திறந்த வினாடியே மெஷின் நிக்கும். முள்ளும் அங்கேயே நிக்கும். இன்னும் ரெண்டரையில நிக்குது, போய்ப் பாருங்க. மணி அடிச்சா பெவ் ஓடி வருவா. பெவ் வந்து பாக்கக் கூடாத ஒண்ணு உள்ளே இருந்திருக்கு. நீங்க மணி அடிச்சு எடுத்தேன்னு சொன்னீங்க."

 நெவிலின் கை நோட்டில் பறந்தது.

"அது ஆணியிலேர்ந்து எடுத்த லின்ட்ஸேயோட பழைய கோதுமைப் பை," என்றாள் மேவிஸ். "மேஜை நடுவுல எரிஞ்ச கோதுமை கிடக்கு. சிகரெட் மேஜை ஓரத்துல சுடும், குப்பையில சுடும். துண்டு மடிப்புக்கு உள்ளே பூந்து கீழ்ப் பலகையை ஓட்டை போடாது. இது உள்ளேயிருந்து கனிஞ்ச நெருப்பு."

"கோதுமைப் பையை அவனும்தானே சூடு பண்ணினான்!" என்று பாரி லின்ட்ஸேயைக் காட்டினார். "அவனே ஒத்துக்கிட்டானே! ஊர்ல எல்லாரும்தான் பண்றாங்க. எங்கயாவது எரியுதா?"

"நல்ல கேள்வி. கோதுமைக்குள்ள கொஞ்சம் ஈரம் இருக்கு. அலை அந்த ஈரத்தைத்தான் சூடாக்கும். ஒவ்வொரு தடவை சூடு பண்ணும்போதும் கொஞ்சம் ஈரம் போயிடும். ஆறு வருஷப் பை காஞ்சு சருகு. அதுக்குத்தான் லின்ட்ஸே ஒரு குவளைத் தண்ணியும் கூட வெப்பார். வர்ற அலையில பெரும் பங்கை அந்தத் தண்ணி வாங்கிக்கும், பைக்கு மிச்சம்தான். அதுவும் ரெண்டே நிமிஷம். சனிக்கிழமை அந்தக் குவளையை யாரோ அழுக்குத் தண்ணின்னு நெனச்சு எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டாங்க. மத்தியானச் சூடே முழுசா ஆறாத பை, தனியா, ஆறு நிமிஷம். பங்கு போட வேற ஆளே இல்லை. நேத்து என் கடைக் கொல்லையில ரெண்டு பழைய பை வெச்சுப் பாத்தேன். குவளையோட வெச்சது இதமா இருந்தது. குவளை இல்லாததைத் துண்டுல சுத்தி வெச்சேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல புகை. லின்ட்ஸே இருபத்திரண்டு வருஷமா இந்தக் கிளப்புல இருக்கார், அவர் குவளையை எடுக்கமாட்டார். பெவ் எடுத்தா திரும்ப வெப்பா. அது எதுக்குன்னே தெரியாத ஒருத்தர்தான் எடுத்திருக்கணும்."

"எனக்கு எதுக்கு மேவிஸ் கோதுமைப் பை? என் உடம்பு குதிரை மாதிரி இருக்கு."

"உங்களுக்குன்னு நான் சொல்லலையே," என்றாள் மேவிஸ். "கோட்டுல சுருட்டி ஒளிச்சு எடுத்துட்டுப் போக வேண்டிய அளவுக்கு யாரோட முதுகுவலி ரகசியம்? முதுகு பிடிச்சிருக்குன்னு கோச்சுக்குத் தெரிஞ்சா, ஃபைனல்ல யாரை இறக்கமாட்டார்?"

கூடத்தில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின. நெவில் தன் நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, வேலி, லேஸ் என்ற வரியைக் கண்டுபிடித்து, அதன் கீழே மூன்று கோடு போட்டார். வாந்தியை அடித்துவிட்டார்.

"ஆதாரம் இருக்கா?" என்றார் பாரி. குரலில் காற்று இறங்கிவிட்டது.

"போதும்ப்பா," என்றான் டேமியன்.

"நீ வாயை மூடு."

"அஞ்சு நாளா மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்." பையன் சட்டையைத் தூக்கித் திரும்பினான். இடுப்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது. "இடைவேளையில குடுத்தார். அரை நிமிஷம்கூட வெக்க முடியலை, அவ்வளவு சூடு. முக்கால் ஆட்ட இடைவேளைக்கு இருக்கட்டும்னு நாலு துண்டுல சுத்தி மேஜைமேல வெச்சுட்டு ஓடிட்டேன். எரியும்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. லின்ட்ஸே, உங்ககிட்ட வந்து சொல்லணும்னு ரெண்டு தடவை கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

பாரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் வாழ்க்கை, லின்ட்ஸே. ஒரே ஒரு சான்ஸ். உனக்கு இனிமே என்ன... கிளப்பை விட்டுப் போனா ஓய்வுதானேன்னு நெனச்சேன்."

"எனக்கு இனிமே என்னவா?" என்றார் லின்ட்ஸே. எதிர்ச் சுவரில் நின்ற பிள்ளையை அவர் பார்த்தார்.  பிறகு டேமியனிடம் போனார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகைப் பார்த்தார், பெருவிரலால் முதுகெலும்பு ஓரமாக மெல்ல அழுத்தினார். பையன் துள்ளினான்.

"இது சுளுக்கு இல்லை. டாக்டர் பாக்கணும். சனிக்கிழமை ஆடினா அடுத்த வருஷம் நடக்கவே கஷ்டப்படுவ. உங்கப்பன் இதைத் துணிப்பையை வெச்சு மறைச்சிருக்கான்." பிறகு பாரியிடம் திரும்பினார். "நீ என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, நான் யார்கிட்டயும் சொல்லாம இவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன், முட்டாளே."

கமிட்டிக்காரர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமி, லின்ட்ஸேயின் பெயரை நீக்கும் தீர்மானம் இல்லை என்றும், தலைவர் நாற்காலியைப் பற்றி வேறு நாளில் பேச வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பாரி எழுந்து வெளியே போனார். டேமியன் பின்னால் போனான், ஆனால் அப்பாவின் வண்டியில் ஏறவில்லை.

நெவிலுக்கு மனசு நிரம்பி வழிந்தது. இனி நடக்கப்போவது அவருக்குத் தெரியும்: மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொள்வாள், மேவிஸ் அடக்கமாக ஒதுங்கிக்கொள்வாள், அவர் எல்லாவற்றையும் எழுதிவைப்பார். கெரின் வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. இரண்டடி தள்ளி நின்றாள்.

"நீ சிகரெட் பிடிக்கலைப்பா."

"பிடிக்கலைன்னு நான்தான் சொன்னேனே."

"மார்ச்லயும் சொன்னியே."

 நெவில், "சரி சரி, அதெல்லாம் முடிஞ்ச கதை, இப்பதான் உண்மை வெளிய வந்தாச்சே," என்று ஆரம்பித்தார். மேவிஸ் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சனிக்கிழமை பிடிக்கலை," என்றார் லின்ட்ஸே மெதுவாக. "செவ்வாய்க்கிழமை பிடிச்சேன்."

நெவிலின் வாய் திறந்தபடி நின்றது. இந்த மனுஷனுக்குப் பைத்தியமா? யார் கேட்டார்கள்? வெளியே வந்து நின்றவரைத் திரும்ப உள்ளே தள்ள எந்த எதிரியும் தேவையில்லை போலிருக்கிறது.

"இவங்க என்னை வாசல்ல நிக்க வெச்சுட்டு உள்ள போனாங்க," என்றார் லின்ட்ஸே. "என் அறை வாசல்ல. வீட்டுக்குப் போற வழியில ஒரு பெட்டி வாங்கினேன். ஒண்ணு பத்த வெச்சேன். பாதியில அணைச்சுட்டேன். மேவிஸ் அதைக் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிக்கவும் மாட்டா. நானே சொல்றேன்."

கெரின் அவர் முகத்தையே பார்த்தாள். பிள்ளை அவள் தோளிலிருந்து தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கு எட்டப் பார்த்தது.

"மிச்சம் எங்க?" என்றாள்.

லின்ட்ஸே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கெரின் திறந்து எண்ணினாள். ஒன்றுதான் குறைந்திருந்தது. மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நெவில் பார்த்தார்; அதை எழுதவில்லை.

"நாளைக்குக் காலையில ஏழரைக்கு ஜோயலைக் கொண்டுவரேன்," என்றாள். "குளிச்சு, சட்டை மாத்திட்டு நில்லு."

"ஏழுக்கே நிப்பேன்," என்றார் லின்ட்ஸே.